துணி மிதித்தவர்கள்: வாக்கர் என்ற பெயரின் கதை

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் – அத்தியாயம் 6

ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820-ஆம் ஆண்டு ஜான் வாக்கர் என்ற இளைஞர் ஒரு மளிகைக் கடை தொடங்கினார். அந்தக் கடையில் விற்ற விஸ்கி பின்னாளில் அவர் பெயரோடு உலகமெங்கும் போயிற்று. 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் அந்த விஸ்கிக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். உயரமான தொப்பி, கையில் தடி, எட்டி நடைபோடும் கால்கள். வாக்கர் என்ற பெயரைக் கேட்டதும் எவருக்கும் தோன்றும் பொருள் அதுதான்: நடப்பவர்.

அந்தப் பெயரை முதலில் சுமந்தவர்கள் எங்கும் நடந்து போனவர்கள் இல்லை. நாற்றமடிக்கும் நீர் நிறைந்த தொட்டிக்குள் நின்று, தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை மணிக்கணக்காக மிதித்த தொழிலாளர்கள். இன்று இங்கிலாந்தில் அதிகம் வழங்கும் குடும்பப்பெயர்களில் முதல் இருபதுக்குள் வாக்கர் இருக்கிறது. அந்த நாட்டின் பெருந்தொழில் எதுவாக இருந்தது, அதன் உழைப்பு யார் காலில் விழுந்தது என்பதற்கு இதைவிடப் பரவலான சாட்சி இல்லை.

சென்ற அத்தியாயத்தில் கொல்லர்களின் பெயரான ஸ்மித்தைப் பார்த்தோம். கொல்லர் இல்லாத ஊர் கிடையாது. ஆகவே அந்தப் பெயரும் நாடெங்கும் பரவிக் கிடக்கிறது. இந்த முறை பார்க்கப்போவது வேறு வகை. துணி மிதித்தவர்களுக்கு இங்கிலாந்து மூன்று பெயர்களைத் தந்தது: வாக்கர், ஃபுல்லர், டக்கர். மூன்றும் ஒரே தொழில். ஒருவருக்கு எந்தப் பெயர் வாய்த்தது என்பதை அவர் பிறந்த மண் முடிவு செய்தது.

தறியிலிருந்து இறங்கியது துணியாகாது

பருத்திச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தால் மடித்துக் கடைக்கு அனுப்பிவிடலாம். இடைக்கால ஐரோப்பாவின் கம்பளித் துணிக்கு அது நடக்காது. தறியிலிருந்து இறங்கும்போது அது சல்லடைபோல் தளர்வாக இருக்கும். ஆட்டு உரோமத்தில் இயல்பாக ஊறிய கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுக்கும். குளிர் காற்று இழைகளுக்கிடையே தாராளமாகப் புகும். அதை அப்படியே வாங்க ஆள் இல்லை.

கம்பளி இழையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அதன் மேல் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காகத் தெரியும். ஈரமும் வெப்பமும் பட்டு, மேலிருந்து அழுத்தமும் விழுந்தால் இழைகள் ஒன்றோடொன்று நகர்ந்து, செதில்கள் பின்னிப் பூட்டிக்கொள்ளும். எண்ணெய் காணாத தலைமுடி சடைபிடிப்பது போலத் துணி முழுவதும் சடைபிடித்துவிடும். அகலத்திலும் நீளத்திலும் அது சுருங்கும்; ஆனால் தடிக்கும், இறுகும், மழையைத் தாங்கும். நெய்தவர் போட்ட பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேற்பரப்பு மூடிக்கொள்ளும். பருத்தி நூலில் இந்தச் செதில்கள் இல்லை. அதனால் பருத்தி நெசவில் இப்படியொரு வேலைக்கே இடமில்லை.

மிதிப்பதற்கு முன் கொழுப்பை எடுக்க வேண்டும். சவுக்காரம் விலை கூடிய பொருளாக இருந்த காலம் அது. கையில் கிடைத்த காரம் புளித்த சிறுநீர். சிறுநீர் பல நாள் நின்றால் அதில் அம்மோனியா உண்டாகும். அது கொழுப்போடு சேர்ந்து கிட்டத்தட்டச் சவுக்காரம் போலவே வேலை செய்யும். வீடுவீடாகச் சிறுநீரைச் சேகரித்துத் தொட்டியில் ஊற்றினார்கள். அடுத்து வந்தது ஒரு வகைக் களிமண். எண்ணெய்ப் பசையை உறிஞ்சும் தன்மை கொண்ட அந்த மண்ணை சர்ரே மாவட்டத்தின் நட்ஃபீல்டிலும், பெட்ஃபோர்ட்ஷயரின் வோபர்ன் பகுதியிலும், பாத் நகரத்தின் அருகிலும் வெட்டி எடுத்தார்கள். நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் முல்தானி மட்டி இந்த வகை மண்தான். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே ஃபுல்லர்களின் மண் என்பது. இங்கிலாந்தின் துணி வளத்துக்கு இந்த மண் எவ்வளவு முக்கியமாக இருந்ததென்றால், 17-ஆம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுவதையே தடை செய்திருந்தார்கள்.

இந்தத் தொழில் இங்கிலாந்தில் பிறந்ததும் இல்லை. ரோமானியர் காலத்திலேயே இது பெரிய அளவில் நடந்தது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில் துணி வெளுக்கும் பட்டறைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். வெரானியஸ் ஹிப்சேயஸ் என்பவருடைய பட்டறையில் இருந்த சுவரோவியத்தில், சிறு தடுப்புகளுக்கு நடுவே தொட்டிகளில் நின்று துணி மிதிப்பவர்களைக் காணலாம். இன்று அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவர்களும் தோல் பதனிடுவோரும் வாங்கிய சிறுநீருக்குப் பேரரசர் வெஸ்பேசியன் வரியே விதித்தார்.

மூன்று பெயர்கள், மூன்று நிலங்கள்

பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. உருட்டுதல், புரட்டுதல் என்பது அதன் பொருள். துணியைப் புரட்டிப் புரட்டி மிதித்தவர் 'வெயால்கெரே'. இதுவே வாக்கர் ஆயிற்று. காலால் நடப்பதைக் குறிக்க அன்றைய ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருந்தன. நடத்தல் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில்தான் ஏறியது. இதற்கு அயல் நாடுகளிலும் சான்று உண்டு. ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்றால் இன்றும் துணியை மிதித்து இறுக்குவதுதான். அங்கும் அந்தத் தொழிலிலிருந்து வந்த வால்கர் என்ற குடும்பப்பெயர் இருக்கிறது. ஜெர்மானியர் வழியாகவே அந்த வேர் இத்தாலிக்கும் போய், துணி மிதிக்கும் ஆலைக்கு 'குவால்கியேரா' என்ற பெயரைத் தந்தது.

ஃபுல்லர் லத்தீன் வழி வந்தது. ரோமானியர் இந்தத் தொழிலாளியை 'ஃபுல்லோ' என்றார்கள். பிரெஞ்சு மொழியில் மிதிப்பது 'ஃபூலே'. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இந்தச் சொல் மேலும் வலுப்பெற்றது. டக்கர் என்பதோ வதைத்தல், துன்புறுத்துதல் என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. துணியை அடித்து மிதித்து வதைப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

ஒரு வட்டாரத்தில் வழங்கிய சொல் மற்றொரு வட்டாரத்தில் செல்லவில்லை. யார்க்ஷயர், லங்காஷயர் முதலிய வடக்கு மாவட்டங்களிலும் நடுநாட்டின் மேற்குப் பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். கென்ட், சஸ்ஸெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் என்று தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் போன்ற தென்மேற்கு மாவட்டங்களில் டக்கர். 1881-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஆய்வாளர்கள் குடும்பப்பெயர் வரைபடங்கள் போட்டிருக்கிறார்கள். ரயிலும் தொழிற்சாலையும் வந்து மக்களைக் கலைத்துப் போட்ட பிறகும், இந்த மூன்று பெயர்களும் பழைய எல்லைகளுக்குள்ளேயே அடர்த்தியாகத் தெரிகின்றன. ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் பேசிய வட்டார வழக்கு அந்த வரைபடத்தில் அப்படியே பதிந்து கிடக்கிறது.

இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களை அறிந்தவர்களும் அன்றே இருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமயச் சீர்திருத்தவாதி விக்லிஃபின் வட்டத்தார் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசுவின் ஆடை வெண்மையாய் ஒளிர்ந்ததைச் சொல்லும் இடத்தில் ஃபுல்லர், வாக்கர் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். எந்த வட்டாரத்து வாசகரும் புரிந்துகொள்ளட்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

வேல்ஸ் நாட்டில் துணி மிதிக்கும் ஆலைக்கு 'பான்டி' என்று பெயர். 1910-இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பெயர்பெற்ற டோனிபான்டி ஊரின் பெயரில் இருப்பது அந்த ஆலைதான். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் கேலிக் மொழி பேசியவர்கள் இந்தத் தொழிலாளியின் மகனை 'மாக் அன் ஊக்கடர்' என்றார்கள். ஆங்கிலம் பரவியபோது அந்தக் குடும்பங்களும் தங்களை வாக்கர் என்று எழுதிக்கொண்டன.

வாக்கர் என்ற பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. நியூகாசில் நகரத்தில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். அங்கிருந்து வந்த சில குடும்பங்கள் ஊர்ப்பெயரைச் சூடியிருக்கலாம். அரசரின் வேட்டைக் காட்டைச் சுற்றிவந்த காவலரையும் வாக்கர் என்று சொன்னதுண்டு. ஆனால் இந்தப் பெயர் செறிந்துள்ள இடங்கள் காடுகளோடு பொருந்தவில்லை. கம்பளி நெய்த மாவட்டங்களோடு பொருந்துகின்றன. பெரும்பான்மையான வாக்கர்களின் மூதாதை துணி மிதித்தவர் என்பதில் ஐயமில்லை.

பெயர் ஒட்டிக்கொண்ட விதம்

இடைக்கால இங்கிலாந்தில் ஆண்களுக்கு வைத்த பெயர்கள் மிகக் குறைவு. ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ராபர்ட் என்ற ஐந்துக்குள் பெரும்பாலோர் அடங்கினர். வரி வசூலிப்பவருக்கும் நிலப்பிரபுவின் கணக்கருக்கும் எந்த ஜான் என்று தெரிந்தாக வேண்டும். ஊரைச் சொல்லலாம், தகப்பன் பெயரைச் சொல்லலாம், உடல் அடையாளத்தைச் சொல்லலாம், தொழிலைச் சொல்லலாம். துணி மிதிக்கும் ஜான் ஏட்டில் 'ஜான் தி வாக்கர்' என்று ஏறினார். முதலில் அது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய அடையாளம். மகன் வேறு வேலைக்குப் போனால் வேறு அடையாளம் வந்துவிடும்.

அந்த அடையாளம் பரம்பரைப் பெயராக இறுகியது ஏறத்தாழ 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். நிலப்பிரபுக்கள் முன்னதாகவும், தென்பகுதி மக்கள் அடுத்தும், வடபகுதியின் எளியோர் கடைசியிலும் இந்த வழக்கத்துக்கு வந்தனர். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் போட்ட தலைவரிப் பட்டியல்கள் இந்த மாற்றத்தை நடுவில் பிடித்துக் காட்டுகின்றன. யார்க்ஷயரின் மேற்குப் பகுதிக்கான 1379-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆட்களின் பெயரோடு பலருடைய தொழிலும் எழுதியிருக்கிறது. தொழிலும் பெயரும் ஒன்றாகவே இருப்பவர்களையும், இரண்டும் பிரிந்துபோனவர்களையும் அதில் அடுத்தடுத்துக் காணலாம். 1413-இல் வந்த ஒரு சட்டம், வழக்கு ஆவணங்களில் பிரதிவாதியின் பெயரோடு அவருடைய நிலை அல்லது தொழிலையும் ஊரையும் தனியே எழுதச் சொன்னது. பெயரை மட்டும் பார்த்துத் தொழிலை அறிய முடியாத நிலை அதற்குள் வந்துவிட்டது. 1538-இல் அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஆணையிட்டார். அதன்பின் பெயர் அசையவில்லை.

சாட்சி சொல்ல உரிமையற்றவர்கள்

துணியால் நாடு செழித்தது. துணி மிதித்தவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்ட், மார்ல்பரோ, பெவர்லி நகரங்களில் நெசவாளருக்கும் துணி மிதிப்போருக்கும் எதிராக நடைமுறையில் இருந்த விதிகள் ஏட்டில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவர்கள் தங்கள் துணியைத் தாங்களே வெளியூர் கொண்டுபோய் விற்கக் கூடாது. நகரத்தின் உரிமை பெற்ற குடிமகனுக்கு எதிராக அவர்கள் சாட்சி சொன்னால் செல்லாது. அவர்களில் ஒருவர் பணம் சேர்த்து நகரத்தின் குடியுரிமை பெற விரும்பினால், முதலில் தொழிலைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்து, தொழில் கருவிகளை வீட்டைவிட்டே அகற்ற வேண்டும்.

தடிப்பும் மினுமினுப்பும் கொண்ட துணியைப் பிரபுக்களும் பேராயர்களும் உடுத்தினார்கள். அதைச் சாத்தியமாக்கியவர் நகரத்தின் சபையில் உட்காரவும் முடியாது, நீதிமன்றத்தில் அவர் வாய்ச்சொல் எடுபடவும் செய்யாது. தொழிலைப் பெயராகக் கொள்வது அன்று பெருமைக்காக நடந்ததில்லை என்பதை இந்த விதிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். டெவன் மாவட்டத்தின் எக்ஸிடர் நகரில் நெசவாளரும் டக்கர்களும் துணி கத்தரிப்போரும் சேர்ந்த சங்கத்துக்கு 1471-இல் எழுந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. பெயர் டக்கர்ஸ் ஹால். லண்டனில் ஃபுல்லர்கள் சங்கமும் கத்தரிப்போர் சங்கமும் 1528-இல் ஒன்றாகி, துணித் தொழிலாளர் சங்கம் என்ற செல்வாக்கு மிக்க அமைப்பாயின. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெபிஸ் 1677-இல் அதன் தலைவராக இருந்தார். அப்போது அந்தச் சங்கத்தை நடத்தியவர்கள் வணிகர்களும் கனவான்களும்தான். தொட்டியில் நின்றவர்கள் ஏணியின் அடியிலேயே இருந்தார்கள்.

தண்ணீர் மிதிக்கத் தொடங்கியது

1086-இல் அரசர் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த டூம்ஸ்டே ஏட்டில் ஏறத்தாழ 6,000 நீராலைகள் குறிக்கப்பட்டுள்ளன. அவை தானியம் அரைத்தவை. நூறு ஆண்டுகளில் அந்தச் சக்கரத்துக்கு வேறொரு வேலையும் வந்தது. சக்கரத்தின் அச்சில் மரப் பற்கள் பொருத்தினார்கள். அச்சு சுழலும்போது பற்கள் கனத்த மரச் சம்மட்டிகளைத் தூக்கும். பல் நழுவியதும் சம்மட்டி தொட்டியில் கிடக்கும் துணிமேல் விழும். 1185-இல் டெம்ப்ளர் துறவிப் படையினர் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரின் நியூசம் என்ற இடத்திலும் காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியிலும் இப்படிப்பட்ட ஆலைகளைப் பதிந்து வைத்தார்கள். இங்கிலாந்தில் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் அது ஒன்று.

வரலாற்றாசிரியர் எலினோரா காரஸ்-வில்சன் 1941-இல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தை 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே குறிப்பிட்டார். வேகமாக ஓடும் மலையோடைகளைத் தேடித் துணித் தொழில் நகரங்களைவிட்டு நாட்டுப்புறத்துக்குப் போனது என்பது அவர் வாதம். ஃபிளாண்டர்ஸ் துணியின் போட்டி, நகரச் சங்கங்களின் கெடுபிடி போன்ற வேறு காரணங்களும் இருந்தன என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். எப்படியானாலும் பென்னைன் மலைச்சரிவு, காட்ஸ்வோல்ட், டெவன் ஓடைக்கரைகள் எல்லாம் துணி நாடுகளாயின.

சம்மட்டி வந்ததும் காலுக்கு வேலை குறைந்தது. எதிர்ப்பும் எழுந்தது. 1298-இல் லண்டனில், துணிகளை நகரத்துக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்ட் ஆலைகளுக்கு அனுப்புவதால் நகரத் தொழிலாளருக்குக் கேடு என்ற முறையீட்டின் பேரில் அதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்தது இன்னும் கடுமை. அங்கே மடத்துக்குச் சொந்தமான ஆலையில்தான் துணி மிதிக்க வேண்டும், கூலியை மடத்துக்குக் கட்ட வேண்டும் என்று மடாதிபதி வற்புறுத்தினார். மக்கள் வீட்டிலேயே மிதித்தார்கள். மடத்தார் துணிகளைப் பறித்தார்கள். ஊரார் பணம் திரட்டி வழக்காடினார்கள். 1274-இல் அரசி எலினோர் அந்த வழியாக வந்தபோது ஊர்ப் பெண்கள் அவர் வண்டியைச் சூழ்ந்து, கண்ணீரோடு கையேந்தி முறையிட்டார்கள். வழக்கு மடத்துக்கே சாதகமாக முடிந்தது.

அந்தக் கசப்பு தலைமுறை தாண்டியும் தீரவில்லை. பின்வந்த மடாதிபதி வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட், ஊராரின் மாவரைக்கும் கைத்திரிகைகளையும் பிடுங்கி, அந்தக் கற்களைத் தன் கூடத்தில் தளமாகப் பதித்தார். 1381-இல் குடியானவர் புரட்சி வெடித்தபோது ஊரார் மடத்துக்குள் புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனார்கள். தங்கள் காலாலும் கையாலும் செய்துகொண்ட வேலையை ஆலைக்குரியவர் வரியாக மாற்றியதற்கு எதிரான நூற்றாண்டுக் கோபம் அது.

ஆலை வந்த இடங்களில் வாக்கர் என்ற பெயர் மறையவில்லை. ஆலையை நடத்தியவரும் வாக்கர்தான், ஆலையில் கூலிக்கு நின்றவரும் வாக்கர்தான். பெயர் பரம்பரையாக இறுகிய காலத்தில் வட மாவட்டங்களில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஆகவே இன்றைய வாக்கர்களில் பலருடைய முன்னோர் காலால் மிதித்திருக்கவே தேவையில்லை. சம்மட்டியின் கீழ் துணியைத் திருப்பிப் போட்டவராக இருந்திருப்பார். கால் ஓய்ந்த பிறகும் அந்தத் தொழிலுக்குப் பழைய பெயரே நின்றது.

கொக்கியும் கத்தியும்

மிதித்த துணி அப்படியே காய்ந்தால் கோணிக்கொள்ளும். அதனால் நீண்ட மரச்சட்டங்களில் வரிசையாகக் கொக்கிகள் அடித்து, ஈரத்துணியை இழுத்து மாட்டி வெயிலிலும் காற்றிலும் உலர்த்தினார்கள். பிறகு முள்நிறைந்த டீசில் செடியின் காய்ந்த பூத்தலையால் மேற்பரப்பைக் கீறிப் பஞ்சு எழுப்பி, பெரிய கத்தரியால் சமமாக வெட்டினார்கள். கத்தரித்தவரின் பெயர் ஷெர்மன் ஆயிற்று. பதற்றத்தோடு காத்திருப்பதை ஆங்கிலத்தில் கொக்கியில் தொங்குவதாகச் சொல்லும் வழக்கு, அந்த உலர்த்தும் சட்டங்களிலிருந்து வந்தது.

திறந்த வெளியில் இரவு பகலாகத் தொங்கிய துணி திருடர்களுக்கு எளிதாகக் கிடைத்தது. யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் 13½ பென்ஸ் மதிப்புள்ள பொருளைத் திருடிப் பிடிபட்டால் தலையை வெட்டும் வழக்கம் இருந்தது. அதற்கென்றே ஊரில் வெட்டுச் சட்டம் ஒன்று நின்றது. 1650-இல் அதில் கடைசியாக இரண்டு பேர் மாண்டார்கள். அவர்கள்மேல் இருந்த குற்றங்களில் ஒன்று, உலர்த்தும் சட்டத்திலிருந்து 16 கெஜம் துணியைத் திருடியது. வாக்கர்கள் நிறைந்த நாடு அது. அவர்கள் கைபட்டு வந்த துணிக்கு உயிருக்கு நிகரான விலை வைத்திருந்தார்கள்.

பாடிக்கொண்டே செய்த வேலை

ஆலை எட்டாத இடங்களில் பழைய முறை நீடித்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இது பெண்களின் வேலை. நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த துணியைக் கையாலோ காலாலோ தட்டியும் தள்ளியும் இறுக்கினார்கள். தாளம் தவறாதிருக்க ஒருத்தி பாட, மற்றவர்கள் பின்பாட்டு இசைத்தார்கள். 1773-இல் சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் ராசே தீவுக்குப் போனபோது, பெண்கள் தரையில் மண்டியிட்டுப் பாடியபடியே துணியைத் தேய்ப்பதைப் பார்த்தார்கள். பாஸ்வெல் அதைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்த வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிரோடிருந்தது. ஜான் லோர்ன் கேம்ப்பெல், அவர் மனைவி மார்கரெட் ஃபே ஷா போன்றோர் அந்தப் பாடல்களைத் தீவுகளிலேயே தங்கிச் சேகரித்தார்கள். வாக்கர் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த உழைப்பின் ஓசையை இன்று நாம் கேட்க முடிவது அந்தப் பெண்களால்தான்.

கடல் கடந்த வாக்கர்கள்

குடியேற்றத்தோடு வாக்கர் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் பெரும் பகுதியினர் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. அடிமைகளின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்களில் வாக்கர் பரவலாக இருக்கிறது. தோட்ட முதலாளிகளின் பெயர் அவர்களிடம் தங்கிவிட்டது. அவர்கள் அந்தப் பெயரைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 1829-இல் பாஸ்டனில் அடிமைமுறைக்கு எதிராகத் தீப்பொறி பறக்கும் நூலை வெளியிட்டவர் டேவிட் வாக்கர். 1903-இல் ரிச்மண்ட் நகரில் வங்கி தொடங்கி அதன் தலைவரானவர் மேகி லீனா வாக்கர். 1867-இல் லூயிசியானாவில் பிறந்த சாரா பிரீட்லவ் பல ஆண்டுகள் துணி வெளுத்துப் பிழைத்தார். பிறகு கூந்தல் தைலம் விற்று, கணவர் பெயரால் மேடம் சி. ஜே. வாக்கர் என்று புகழ்பெற்ற தொழிலதிபரானார்.

'தி கலர் பர்பிள்' நாவலுக்காக 1983-இல் புலிட்சர் பரிசு பெற்ற ஆலிஸ் வாக்கர் இந்தப் பெயரைக் கைவிட மறுத்ததற்கு ஒரு காரணம் சொன்னார். அவருடைய மூதாதைப் பாட்டி ஒருத்தி, அடிமையாக இரண்டு கைக்குழந்தைகளைச் சுமந்துகொண்டு வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவரை நடந்தே கொண்டுபோகப்பட்டார். அந்த நடையின் நினைவாகவே வாக்கர் என்ற பெயரைத் தாங்குவதாக ஆலிஸ் எழுதினார். சொல்லின் வேரை ஆராயும் புலவருக்கு வாக்கர் துணி மிதித்தவர். அந்தக் குடும்பத்துக்கு வாக்கர் நடந்தவள். இரண்டும் உண்மையான உழைப்பிலும் வலியிலும் பிறந்த பொருள்கள். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ள நமக்கு உரிமையில்லை.

இந்தப் பெயருக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. கம்பளித் தொழிலுக்குப் பேர்போன லங்காஷயரின் ரோச்டேல் ஊரில் 1868-இல் பிறந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தார். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். எல் நினோ பற்றி இன்று நாம் பேசும்போது குறிப்பிடும் வாக்கர் சுழற்சி அவர் பெயரைத் தாங்கியது. கணித மேதையான அவர் 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அங்கே எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். அடுத்த நாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது; துறைமுகக் கணக்குப் புத்தகத்திலிருந்து அவர் விடுபட்டார்.

ஏட்டில் இல்லாதது பெயரில் இருக்கிறது

துணி மிதித்த ஒருவருடைய வாழ்க்கை வரலாறுகூட அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. மடங்களின் கணக்கும் நகர விதிகளும் வரிப் பட்டியலும் அவர்களைப் பற்றிப் பேசுகின்றன; அவர்களே பேசிய ஏடு இல்லை. அவர்கள் எத்தனை பேர், எங்கெல்லாம் இருந்தார்கள், அக்கம்பக்கத்தார் அவர்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை வாக்கர், ஃபுல்லர், டக்கர் என்ற மூன்று பெயர்களும் சேர்ந்து சொல்கின்றன. நகரத்தார் சாட்சியாக ஏற்க மறுத்த மனிதர்களின் சாட்சியம் லட்சக்கணக்கான குடும்பங்களின் பெயராக நிலைத்துவிட்டது. அதை வரலாற்று ஆவணமாகவே படிக்க வேண்டும்; அரசாணைக்குத் தரும் மதிப்பை அதற்கும் தர வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில் வெப்ஸ்டர், பாக்ஸ்டர், ப்ரூஸ்டர் ஆகிய பெயர்களைப் பார்ப்போம். நெசவு, ரொட்டி சுடுதல், மது காய்ச்சுதல் ஆகிய தொழில்களிலிருந்து வந்தவை அவை. அவற்றின் முடிவில் ஒலிக்கும் 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பாலைக் குறித்த விகுதி.